நீலச் சைக்கிளின் முழங்கால்

மாரி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், ஓர்ஸ் ஹில் ஏற்றத்தின் பாதியில் அக்கா சைக்கிளை விட்டு இறங்கினாள். நான் எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றேன்; அவள் என்னைக் காணவில்லை. பின் கரியரில் அவளுடைய மகள், இரண்டு கையாலும் குடையைப் பிடித்தபடி, சப்பறத்தில் போகிற சாமி மாதிரி அசையாமல் இருந்தாள். அக்கா ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் ஹாண்டிலுக்குக் கீழே குழாய் தடித்திருந்த அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னுக்குச் சாய்த்துத் தள்ளினாள். செருப்பு வழுக்கியது. நின்றாள். நெற்றியில் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைத்துவிட்டு மீண்டும் தள்ளினாள். சாம்பல் மழைக்குள் அந்தச் சைக்கிளின் நீலம் மட்டும் வெட்கமில்லாமல் பளபளத்தது. அத்தான் இல்லாமல் வந்த முதல் மாரி அது. அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன், சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஏற்றத்தில் அவள் தனியாகத் தள்ளியதைப் பார்த்தபோதுதான் அவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது. உறைத்த அதே கணத்தில், என் புத்தி எப்போதும் போல அவசரப்பட்டு, வேறு பக்கம் பாய்ந்தது. இதுக்கு ஒரு மோட்டார் பூட்டினால் என்ன?

எனக்கு அப்படித்தான் யோசனைகள் வரும். படித்து முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் காத்திருக்கிற காலம். கை சும்மா இருக்க ஏலாத காலம். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. போனை எடுத்து, சக்கரச் சில்லுக்குள்ளேயே மோட்டார் பூட்டுவது எப்படி என்று அந்த மழைக்குள் நின்று தேடத் தொடங்கினேன்.

அந்த நீலம் கடையில் வாங்கிய நீலம் அல்ல. அத்தான், அக்காவின் புருசன், உள்துறைமுகக் கரையில் பைபர் வள்ளங்கள் திருத்துகிறவர். அடி உரசிப் பிளந்த வள்ளங்களைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடி நார்த் துணியை விரித்து, அதன்மேல் ரெசினைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டி, காய்ந்ததும் பெயின்ற் அடித்துக் கடலுக்கு அனுப்புவார். மாரி முடிந்து கடைசி வள்ளம் இறங்கியதும், தகரத்தில் மிஞ்சிய பெயின்ற் சைக்கிளுக்கு. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். படலை, ஜன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வள்ளத்தின் நிறம் இருக்கும். உப்புக் காற்று வெறும் இரும்பை விட்டுவைக்காது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் பூசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. மேலே மேலே பூசுவோம். தடிக்கத் தடிக்கப் பலம் என்று நினைப்போம். அத்தானின் சைக்கிள் ஒரு வருசம் பச்சை, ஒரு வருசம் செம்மஞ்சள், ஒரு வருசம் வெள்ளை. அதன் நிறத்தைப் பார்த்தே சனம் அவர் கடைசியாக இறக்கிய வள்ளம் யாருடையது என்று சொல்லிவிடும். நீலம் அவர் கடைசியாக அடித்தது.

அது பெண்கள் ஓடுகிற, நடுவில் தாழ்ந்த சைக்கிள். அக்காவைக் கலியாணம் செய்த புதிதில் இருவருக்கும் பொதுவாக ஒன்று போதும் என்று அதை வாங்கியிருந்தார். கரையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். "என்ன மச்சான், மனுசியின்ர சைக்கிளையும் சீதனமா வாங்கிப்போட்டியோ?" என்று கேட்பார்கள். அவர் கோபிக்க மாட்டார். "தோளில நார்ச் சுருளோட நீ காலத் தூக்கிப் போட்டு ஏறிக் காட்டு, பிறகு கதைப்பம்" என்பார். வெட்கம் என்ற ஒன்று அவருக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பார். என்னை அவர் கூப்பிடுவது "இஞ்சினியர் மச்சாள்". பௌதிகத்தில் நான் குறைந்த புள்ளி எடுத்த தவணையிலும் அதே பெயர்தான். "இஞ்சினியர் மச்சாள், இந்தக் கதிரைக்கு ஒரு கால் குறையுது, கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்பார். நான் கணக்குப் போட்டு முடிக்க முன்னம் ரெசின் குழைத்து ஒட்டியிருப்பார். வாளி ஓட்டை, குளியலறைக் கதவு, தண்ணித் தாங்கி, மகளின் உடைந்த பொம்மை, எல்லாம் அவருக்கு வள்ளம்தான். ஒட்டி முடித்துத் தட்டிப் பார்த்து ஒன்று சொல்வார்: "கடலில நிண்டு பிடிக்கிறது கரையில உடையுமோ?"

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒரு பின்னேரம், அவருக்குச் சாப்பாடு கொண்டு கரைக்குப் போனபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அதன் கழுத்தில் நார்த் துணி சுற்றிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை, வாய்க்கு மறைப்பு இல்லை, எப்போதும் இல்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நாரி நோகுதாம் இதுக்கு. பட்டி கட்டிறன்" என்றார், இடுப்பு நோகிற ஓர் ஆளைப் பற்றிச் சொல்வது போல. நானும் சிரித்துவிட்டு, சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். காய்ந்தபின் அந்த இடம் முட்டியாக வீங்கி நின்றது. மகள் கதைக்கத் தொடங்கியபோது அதற்கு 'முழங்கால்' என்று பெயர் வைத்தாள். சைக்கிளை வாசற்படி தாண்டித் தூக்கி வைக்கும்போதெல்லாம் அக்கா அந்த முழங்காலில்தான் பிடிப்பாள். கைக்கு அடக்கமாக இருந்தது.

அவருக்கு இருமல் வந்ததும் அப்படித்தான், மெல்ல வந்து நிலைத்துவிட்டது. ரெசின் மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பிறகு அரைக்கிற தூசு என்றார். பிறகு மாரிக் குளிர் என்றார். நெஞ்சில் ஏதோ தைலத்தைத் தேய்த்து, பழைய துவாயைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொன்னால் "இந்த வள்ளம் இறங்கட்டும்" என்பார். அந்த வள்ளம் இறங்க அடுத்தது கவிழ்ந்து கிடக்கும். கடைசியில் போகச் சம்மதித்தபோது நாட்டில் பெற்றோல் இல்லை. ஓட்டோக்கள் வரிசையில் கிடந்தன. அக்காதான் அவரைக் கரியரில் இருத்திச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள். பெரிய மனுசன் ஒருவர் மனைவியின் இடுப்பைப் பிடித்தபடி, நீலச் சைக்கிளின் பின்னால், கால்களை மடக்கிக்கொண்டு. றோட்டெல்லாம் பார்த்தார்கள். அவர் அதற்கும் வெட்கப்படவில்லை. போகிற வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு போனாராம்: "பள்ளம் பாத்து. பள்ளத்தில விடாத. பள்ளம் பாத்துப் போ." குலுங்கினால் நெஞ்சு நோகிறது என்று அக்கா நினைத்தாள். வீட்டில் படுக்கையில் இருந்த காலத்திலும், அவள் மகளை ஏற்றிக்கொண்டு புறப்படுகிற சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து அந்தக் குரல் வரும். மெலிந்து, காற்றுக் கலந்து. பள்ளம் பாத்து. ஒரு நாள் அந்தக் குரல் வரவில்லை.

அக்கா ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் தேநீர் போட்டுக் கொடுத்து, கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தாள். அவளுடைய கைச் சமையலை எங்கோ சாப்பிட்ட ஒருவர் மூலமாக, நிலாவெளி போகிற பாதையில் ஒரு விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. சீசன் தொடங்கியதும் குசினியைப் பொறுப்பெடுக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முன் அங்கே நிற்க வேண்டும். மகளையும் கூட்டி வரலாம், அங்கிருந்து பள்ளிக்கூட வான் வண்டியில் அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. தினமும் ஓட்டோ என்றால் சம்பளம் ஓட்டோக்காரருக்கு. மிதித்துக்கொண்டு போய்விடலாம், ஆனால் போய்ச் சேர்ந்தபின் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நிற்க உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. சொந்தமாக ஒரு குசினியை நடத்துகிற ஆசை அவளுக்கு அத்தான் இருந்த காலத்திலேயே உண்டு. ஏலாது என்று சொல்லத்தான் அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். நான் மோட்டார் கதையை எடுத்தேன்.

"எந்தச் சைக்கிளுக்கு?" என்று கேட்டாள்.

"உங்கட சைக்கிளுக்குத்தான்."

அவள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். நிறைய நாளைக்குப் பிறகு அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அவற்ற சைக்கிளுக்கெண்டா ஓம்" என்றாள். "இனி நான் மிதிக்கத் தேவையில்ல, அவரே கொண்டுபோய் விடுவார், என்ன?" சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் எந்த மோட்டாரையும் பூட்டத் தயாராக இருந்தேன்.

கொழும்பில் பொறியியல் படிக்கிற என் தோழி, யாரோ கழற்றிப் போட்ட மோட்டார்ச் சில்லு ஒன்றையும் பற்றரி ஒன்றையும் தேடி அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவும் வந்தது. "எடியே, மோட்டார் பூட்டிறது ஒரு பின்னேர வேலை. முதலில சைக்கிளைப் பார். மனுசக் காலுக்குச் செய்த சைக்கிள் அது. மோட்டார் களைக்காது, இறக்கத்தில யோசிக்காது, பள்ளத்தில வேகம் குறைக்காது. சைக்கிள் தாங்குமா எண்டு பார்த்திட்டுப் பூட்டு." நான் படித்தேன், பார்த்தேன், பார்த்ததைக் கனவிலும் கண்டேன். முன் சில்லில் மோட்டார் பூட்டினால் அது சில்லைத் தாங்குகிற முன் கவையை இழுக்கும்; பழைய கவை விரிந்து சில்லு கழன்றால் ஓடுகிறவர் முகம் குப்புற விழுவார். ஆகவே பின் சில்லில்தான். மழையில் வழுக்குகிற பழைய கம்பிப் பிரேக் போதாது. பிரேக்கைத் தொட்ட உடனே மோட்டார் நின்றுவிட வேண்டும். பற்றரியைக் கரியரில் வைத்தால் மகள் எங்கே இருப்பாள்? அது கீழே, நடுவில் போக வேண்டும். இதெல்லாம் செய்து முடிக்கக்கூடிய வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது பிரேம். அதிலும் ஹாண்டில் இறங்குகிற குழாயும் கீழே சரிந்து போகிற குழாயும் சேருகிற கழுத்து. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் பாரம் முழுக்க வந்து குந்துவது அங்கேதான்.

ஒரு காலை முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஸ்பனரின் பிடியால் குழாய் குழாயாகத் தட்டிக்கொண்டு வந்தேன். பின் குழாய்கள் மணி மாதிரி ஒலித்தன. இருக்கைக்குக் கீழே ஒலித்தது. கழுத்துக்கு வந்தேன். பலகையில் தட்டியது போல ஒரு மொக்கைச் சத்தம். மறுபடி தட்டினேன். அதே சத்தம். பக்கத்தில் குந்தியிருந்த மகள் "முழங்காலுக்குக் காய்ச்சல்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாரி நோகுதாம் இதுக்கு. அந்தப் பின்னேரம் கரையில் நின்று கேட்ட அந்தப் பகிடி திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றது. நோகாத இடத்தில் ஒருவர் எதற்குப் பட்டி கட்டுகிறார்?

அக்காவிடம் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அந்த இடத்தில் பெயின்றையும் நாரையும் சுரண்ட வேண்டும் என்றேன். அவள் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் அப்படியே போனது.

"அதில கை வைக்காத."

"அக்கா, உள்ளுக்கு இரும்பு வெடிச்சிருந்தா..."

"வெடிச்சிருந்தா இவ்வளவு காலமும் ஓடியிருக்குமோ? அவர் சுத்தினது. அவருக்குத் தெரியாததே? நீ ரெண்டு வீடியோவைப் பாத்திட்டு வந்து அவற்ற வேலையைப் பிழை சொல்லுறியோ?"

"பிழை சொல்லேல்ல அக்கா. பாக்கத்தான் கேட்டனான்."

"பாக்க வேண்டாம். உடுப்பெல்லாம் எடுத்துக் குடுத்தாச்சு. போன் பழுதாப் போச்சு. அவற்ற கை பட்டதெண்டு இந்த வீட்டில மிச்சம் இருக்கிறது இதில இருக்கிற பெயின்ற்தான். அதையும் சுரண்டு எண்டு நிக்கிறாய்."

அவள் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் சைக்கிள் தலைகீழாக, மல்லாக்கக் கிடந்த ஆமை மாதிரி, சில்லுகளை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

சும்மா இருக்க ஏலாமல் மறுநாள் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே பாலம் தாண்டி, பழைய சைக்கிள்கள் வாங்கி விற்கிற ஒருவர் இருக்கிறார்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். மரத்துக்குக் கீழே வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பார். நான் ஸ்பனரோடு போய் ஒவ்வொன்றின் கழுத்தாகத் தட்டத் தொடங்க, அவர் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீங்க சைக்கிள் பாக்க வந்தீங்களா, தேங்காய் பாக்க வந்தீங்களா?"

"மோட்டார் பூட்டப் போறன் நானா. பின்னால ஒரு சின்னப் பிள்ளையும் இருக்கும்."

"ஓ, அப்ப நல்லாத் தட்டுங்க. அந்தச் செவப்பத் தட்டாதீங்க, அது என்ட மனுசிர சைக்கிள். வித்துப் போட்டா எனக்குச் சோறில்ல."

பாரத்துக்கு ஆகாத மெல்லிய அலுமினியச் சைக்கிள்கள் இருந்தன, பார்க்க அழகு. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போலச் சுருள் வைத்த கவையோடு சில இருந்தன. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை எல்லாம் எங்கள் ஒழுங்கைச் சைக்கிள்கள் மாதிரியே, தடித்த வள்ளப் பெயின்றில், உள்ளே என்னவென்று சொல்லாமல் நின்றன. கடைசியில், கந்தளாய்ப் பக்கமிருந்து வந்தது என்று அவர் காட்டிய ஒன்று. கடலைக் காணாத சைக்கிள். சாம்பல் நிறம், கடையில் அடித்த முதல் பெயின்றே ஆங்காங்கே உரிந்து, இரும்பு வெளியே தெரிந்தது. நடுவில் தாழ்ந்த, கனத்த இரும்புப் பிரேம். துரு மேலோட்டமாகத்தான். கவை நேராக இருந்தது. கழுத்தில் தட்டினேன். ஒலித்தது. அவ்வளவு அழகில்லாத ஒரு சைக்கிளைப் பார்த்து நான் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை. வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா கேட்டுவிட்டு, "வேற சைக்கிளெண்டா மோட்டாரே வேண்டாம்" என்றாள். "விடுதிக்கும் வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்." நான் வாதாடவில்லை. என் குணத்துக்கு அது பெரிய வேலை. ஒன்றை மட்டும் சொன்னேன். "நீங்கள் மட்டும் ஓடுறதெண்டா இப்ப பூட்டித் தாறன் அக்கா. பின்னால பிள்ளை இருக்கிறாள்."

பிறகு வந்த நாட்களில் அவள் மகளை ஏற்றாமல் நடத்திக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டேன். சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. விடுதியிலிருந்து மறுபடியும் போன் வந்தது. அவள் முற்றத்துக்குப் போய், சைக்கிளைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள். "ஓம்... ஓம்... சொல்லுறன்" என்று முடித்தாள். அடுத்த சனிக்கிழமை காலை நான் போனபோது, குசினிக் கத்தியோடு அவள் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தாள். தொடங்கவில்லை. என்னைக் கண்டதும், "நீ செய்ய வேண்டாம், நான்தான் செய்வன்" என்றாள்.

நீலம் தகடு தகடாக உரிந்தது. அதற்குக் கீழே வெள்ளை. "இது இவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின வருசம்" என்றாள். அதற்குக் கீழே செம்மஞ்சள். "இது மூதூர் ஆக்களின்ர வள்ளம். காசுக்குப் பதிலா மீன் குடுத்திட்டுப் போனவை. பொரிச்சுப் பொரிச்சு அலுத்துப் போச்சு." அதற்குக் கீழே பச்சை; அங்கே கத்தி கொஞ்சம் நின்று போனது. பச்சையும் போன பிறகு, வெயிலில் தேன் நிறமாக, நார்ப் பின்னல் தெரிய, ரெசின் வந்தது. அதில் வரிசையாக மூன்று பள்ளங்கள். காய முதல் வெறும் கையால் அழுத்திப் பிடித்த விரல்களின் தடம். அக்கா சைக்கிளைத் தூக்கும்போது அவளுடைய விரல்கள் எப்போதும் போய்ப் பொருந்துகிற இடம் அதுதான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை அந்தப் பள்ளங்களில் வைத்தாள். மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா நாரின் கீழ் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயின்ற் போனதும் அது தெரிந்தது. நாருக்குள்ளிருந்து புறப்பட்டு, குழாயைப் பாதி சுற்றி, நாருக்கு வெளியேயும் வந்துவிட்டிருந்த ஒரு கோடு. துருவில் சிவந்த, மயிர்போன்ற கோடு. நான் சைக்கிளை நிமிர்த்தி ஹாண்டிலில் என் பாரத்தைப் போட்டேன். கோடு வாய் திறந்தது. பாரத்தை எடுத்தேன். மூடிக்கொண்டது. நார் இரும்போடு ஒட்டாமல், சட்டைக் கை மாதிரிச் சும்மா சுற்றியிருந்தது. வள்ளத்தில் நாரும் ரெசினும் ஒரே இனம், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பட்ட இரும்பு வேறு சாதி. மிதிக்கிற வேகத்துக்கு அது ஏதோ நின்று பிடித்திருக்கிறது. மோட்டார் பூட்டி, பின்னால் பிள்ளையை இருத்தி, நிலாவெளிப் பாதையின் முதல் பெரிய பள்ளத்தில்... நான் அதற்கு மேலே யோசிக்கவில்லை. அக்கா யோசித்துவிட்டாள்.

"இதிலதான் பிள்ளைய வச்சுக்கொண்டு ஓடினனான்" என்றாள். பிறகு, "அவரையும்" என்றாள். பிறகு திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தாள். "எடியே, பள்ளம் பாத்துப் போ, பள்ளம் பாத்துப் போ எண்டு... அது நெஞ்சு நொந்து சொன்னதில்லையடி. அவருக்கு இது தெரியும். சுத்தின பிறகும் அவருக்கு நம்பிக்கை இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, கோபப்பட்டாள். செத்தவர்மேல் அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, அங்கே அவர் நிற்கிறார் என்பது போலப் பேசினாள். "வாயத் துறந்து சொன்னா என்ன? வெடிச்சுப் போச்சு, வேற வாங்குவம் எண்டு ஒரு வார்த்தை. நெஞ்சையும் இப்பிடித்தானே துவாய் சுத்தி மூடி வச்சிருந்தனீங்கள்? எல்லாத்துக்கும் மேல பூசிப் பூசி... பளபளவெண்டு... உள்ளுக்கு என்ன எண்டு எனக்குக் காட்டாமலே..." நீலம், வெள்ளை, செம்மஞ்சள், பச்சை என்று அவளுடைய மடி முழுக்கச் சிராய்கள். அவள் தட்டிவிடவுமில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நல்லாயிருந்திருக்கும். பள்ளம் பார்த்துப் போ என்று படுக்கையில் இருந்து சொல்கிற ஒருவருக்கு, எழுந்து வந்து சைக்கிளைப் பிடுங்கி வைக்கவும் முடியாது, உண்மையைச் சொல்லி அவளுக்கு இருந்த ஒரே வாகனத்தை இல்லாமல் செய்யவும் முடியாது. அந்த ஆஸ்பத்திரிப் பயணத்தில் அவர் எதற்குப் பயந்திருப்பார்? தன் நெஞ்சுக்கா, தனக்கு முன்னால் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தவளின் கைக்குக் கீழே இருந்த அந்தக் கோட்டுக்கா? மூன்று விரல் பள்ளத்தையும் வாய் திறந்து மூடிய கோட்டையும் அன்று ஒரே இடத்தில் பார்த்தேன். ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க இன்னும் என்னால் ஏலவில்லை.

அன்று பின்னேரம் அக்காவே சொன்னாள். "அந்தக் கிண்ணியாச் சைக்கிளைக் கொண்டு வா."

கொண்டு வந்தேன். சாம்பல் நிறத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை, மாற்ற நினைக்கவுமில்லை. பெயின்ற் அடிக்கவா என்று நான் கேட்டபோது, "வேண்டாம். இரும்பு தெரியட்டும்" என்றாள். கழுத்து வரைக்கும் நானே சுரண்டிப் பார்த்தேன், நாலு பக்கமும் வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன், கோடு இல்லை. பின் சில்லில் மோட்டார், நடுவில் தாழ்வாகப் பற்றரி, இரண்டு சில்லுக்கும் புதிய பிரேக், தொட்டவுடன் மோட்டாரை நிறுத்துகிற ஆளி. வேகத்தை மெதுவாக ஓடுகிற அளவில் கட்டி வைத்திருக்கிறேன். "உன்ர கெட்டித்தனத்தைக் காட்ட இது இடமில்ல" என்று அக்கா சொன்னாள். அதற்கு முன்னமே கட்டிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. பழைய சைக்கிளிலிருந்து ஒன்று மட்டும் கேட்டாள்: கரியர். மகள் இருந்து பழகியது. அதையும் சுரண்டினோம். இரண்டு பேரும் சேர்ந்து, ஒவ்வொரு கம்பியாக, இரும்பு தெரியும்வரை. அதில் ஒன்றும் இருக்கவில்லை. நல்ல கரியர். அதைப் புதியதில் பூட்டும்போது அக்காதான் ஸ்பனரைப் பிடித்தாள்.

நீலப் பிரேம் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கழுத்தில் மட்டும் பெயின்ற் இல்லை. எறியவும் மனமில்லை, உள்ளே கொண்டுவரவும் மனமில்லை. நேற்று அக்கா சாம்பல் சைக்கிளை வாசற்படி தாண்டித் தூக்கி வைத்தாள். அவளுடைய கை வழக்கம்போல ஹாண்டிலுக்குக் கீழே போனது. அங்கே வெறும் மெல்லிய குழாய். விரல்கள் ஒரு கணம் இடம் தேடின. பிறகு வேறு மாதிரிப் பிடித்துத் தூக்கினாள். கனம் கூடவா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

விடுதிக்கு ஓம் என்று இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை, மழை இல்லாவிட்டால், ஓர்ஸ் ஹில்லுக்குக் கொண்டுபோகிறோம். அந்த ஏற்றத்தை மோட்டார் ஏறிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்க்க வேண்டியது இறக்கம். கரியரில் மகளுக்குப் பதிலாக அவளை விடக் கொஞ்சம் பாரமாக ஒரு மணல் மூட்டை கட்டியிருக்கிறேன். தன் இடத்தில் மூட்டை இருப்பதைப் பார்த்து அவள் கோபித்துக்கொண்டு நிற்கிறாள். ஓடப் போவது நான். அக்கா பாதி ஏற்றத்தில், அன்று செருப்பு வழுக்கிய அதே இடத்தில் நிற்பாள். அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு பள்ளம் இருக்கிறது. விலத்திப் போகலாம். விலத்தாமல், நேரே அதற்குள் விட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார்க்கப் போகிறேன்.